கலீலின் திறவுகோல்

நைனார்பாளையம் என்னும் ஊரின் பெயரை நயினார்பாளையம் என்று எழுதுவோரும் உளர். கண்ணுக்கு அவை இரண்டு சொற்கள். செவிக்கு ஏறக்குறைய ஒன்றே. ‘நயி’ என்பதை விரைந்து ஒலித்தால் ‘நை’ ஆகிவிடும். இனி, நயினார் என்றால் யார் என்று வினவினால் விடை மேலும் விரியும். தலைவன், பெருமகன் என்பது அச்சொல்லின் பொருள். வடதமிழ் நாட்டுச் சமணப் பெருமக்கள் நயினார் என்னும் பட்டத்தால் அழைக்கப்பெறுகின்றனர். சைவ வழக்கில் இறைவனைக் குறிக்கவும் அச்சொல் ஆளப்பட்டது. நம் கடற்கரைப் பட்டினங்களிலோ நயினார் முகம்மதும் நெய்னா முகம்மதும் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். இவ்வூருக்குப் பெயர் தந்த நயினார் எவர் என ஆராய்வது என் நோக்கமன்று. ஒன்றையே பலவாறு எழுதுவதும், பலவற்றை ஒன்றால் அழைப்பதும் மொழியின் இயல்பு. இவ்வியல்பினால் விளையும் இடர் ஒன்றையும், அதனைத் தீர்க்கும் வழியை ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே கண்டு வைத்த பேரறிஞர் ஒருவரையும் பற்றிச் சில சொல்லவே எழுதுகோலை எடுத்தேன்.

சென்ற ஆண்டு நைனார்பாளையத்திலுள்ள என் தங்கையின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அப்பக்கத்து ஜமாஅத் ஒன்றைச் சேர்ந்த மூதாட்டியார் ஒருவர் நான் வந்திருப்பதை அறிந்து வந்தார். மறைந்த தம் கணவருடன் தமக்கு நடந்த நிக்காஹின் பதிவைத் தேடித் தர வேண்டும் என்றார். வாரிசுச் சான்று பெற அது தேவைப்பட்டது. கணவரின் பெயர் குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும், பட்டாவில் வேறொரு விதமாகவும், வாக்காளர் அட்டையில் மூன்றாவது விதமாகவும் இருந்தது. மூவரும் ஒருவரே என்று காட்ட நிக்காஹ் பதிவு ஒன்றுதான் துணை. திருமணம் எந்த ஆண்டு நடந்தது என்று கேட்டேன். “ஏரி உடைஞ்ச வருஷத்துக்கு மறு வருஷம், ஹஜ்ரத்” என்றார். ஏரி எந்த ஆண்டு உடைந்தது என்று சொல்ல அங்கே எவரும் இல்லை.

பள்ளிவாசல் அலமாரியில் ஏழு பதிவேடுகள் இருந்தன. முற்பட்டவற்றில் இமாம்கள் பெயர்களை அரபி எழுத்தில் எழுதியிருந்தனர். பிற்பட்டவை தமிழில் இருந்தன. இரண்டு நாள் புரட்டினேன். கண் வலித்ததே தவிரப் பதிவு கிட்டவில்லை.

இரண்டாம் நாள் இரவு, கணினி பயிலும் என் தங்கை மகன் மடிக்கணினியோடு திண்ணையில் அமர்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். வேலைக்கான தேர்வில் கேட்கப்படும் கணக்கு ஒன்று அவனை அலைக்கழித்தது. சொற்களின் வரிசை ஒன்று தரப்படும். அவற்றுள் ஒரே எழுத்துகள் இடம் மாறி அமைந்த சொற்களையெல்லாம் ஒரு குழுவாகச் சேர்க்க வேண்டும். எடுத்துக்காட்டைத் தமிழில் சொல் என்றேன். சற்று யோசித்து ஆறு சொற்களை எழுதினான்: கரம், சரம், ரகம், வரம், ரசம், ரவம். கரமும் ரகமும் ஒரு குழு. சரமும் ரசமும் ஒரு குழு. வரமும் ரவமும் ஒரு குழு. (ரவம் என்றால் ஒலி. அச்சொல்லை அவன் அறிந்திருந்தது எனக்கு மகிழ்ச்சியாயிருந்தது.)

“இதில் என்ன இடர்?” என்றேன்.

“ஆறு சொல்லுக்கு இடரே இல்லை, மாமா. ஆயிரம் சொல் கொடுத்தால் நின்றுவிடுகிறது” என்றான்.

அவன் கையாண்ட முறை, ஒவ்வொரு சொல்லையும் மற்ற ஒவ்வொரு சொல்லோடும் ஒப்பிடுவது. ஆறு சொற்களுக்கு 15 ஒப்பீடுகள் போதும். ஆயிரம் சொற்களுக்கோ 4,99,500 ஒப்பீடுகள் வேண்டும். ஒரு லட்சம் சொற்கள் வந்தால் 499 கோடியே 99 லட்சத்து 50 ஆயிரம். விரைந்து செயலாற்றும் பொறிக்கும் இது வீண் சுமையே. ஒருவருக்கொருவர் முகம் பார்த்து ‘நீ என் உறவா, நீ என் உறவா’ என்று கேட்டுத் திரியும் சந்தைக் கூட்டத்தைப் போன்றது அது.

“தம்பி, இது கலீலின் கணக்கு” என்றேன். தன் வகுப்புத் தோழன் எவனையோ சொல்கிறேன் என்று அவன் எண்ணினான்.

கலீல் இப்னு அஹ்மத் அல்ஃபராஹீதி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 100இல், அதாவது கி.பி. 718ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். அஸ்து குலத்தவர், உமான் நாட்டினர் என்பர். வாழ்ந்ததும் கற்பித்ததும் பஸரா மாநகரில். ஹிஜ்ரி 170 என்றும் 175 என்றும் அவர்கள் மறைந்த ஆண்டைக் குறிப்பர். அரபி இலக்கணத்தின் தலைநூலாகிய ‘அல்கிதாப்’ இயற்றிய ஸீபவைஹி இவர்களுடைய மாணவரே. இன்று நம் பிள்ளைகள் திருமறை ஓதும்போது காணும் ஃபத்ஹா, கஸ்ரா, ழம்மா என்னும் குறிகளின் வடிவமும் ஷத்து என்னும் இரட்டிப்புக் குறியும் இவர்கள் வகுத்தவை என்பது அறிஞர் வழக்கு. இவர்களுக்கு முன்னர் அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) அவர்களின் முறைப்படி உயிரொலிகளைப் புள்ளிகளாலேயே காட்டிவந்தனர்.

வறுமையிலும் செம்மை குன்றாத வாழ்வு அவர்களுடையது. பஸராவில் நாணற் குடிசையில் வாழ்ந்தார்கள் என்றும், அவர்களுடைய கல்வியைக் கொண்டு மாணவர்கள் பொருள் ஈட்டியபோது அவர்கள் கையில் இரண்டு காசும் தங்கியதில்லை என்றும் கூறுவர். அஹ்வாஸ் பகுதியை ஆண்ட ஸுலைமான் என்பவர் ஆளனுப்பி அழைத்தபோது, வந்த தூதருக்குக் காய்ந்த ரொட்டியை எடுத்துக் காட்டி, இது கிடைக்கும் வரையில் ஸுலைமானிடம் எனக்கு வேலையில்லை என்று சொல்லி அனுப்பினார்களாம்.

இத்தகையவர் ஒரு பெரும் வினாவை எழுப்பிக்கொண்டார்கள். அரபி மொழியின் சொற்கள் அனைத்தையும், ஒன்றும் விடுபடாமல், ஒன்றும் இருமுறை வாராமல், ஒரு நூலுள் அடக்குவது எப்படி? அதுவரை அறிஞர்கள் ஒட்டகத்தைப் பற்றிய சொற்கள், குதிரையைப் பற்றிய சொற்கள், மழையைப் பற்றிய சொற்கள் எனச் சிறு சிறு தொகுப்புகள் செய்துவந்தனர். பாலைநிலத்து மக்களிடம் கேட்டுக் கேட்டுத் திரட்டியவை அவை. அவ்வாறு திரட்டினால் எது விடுபட்டது என்று அறிய வழியில்லை. கலீல் (ரஹ்) அவர்கள் சொற்களைத் தேடிச் செல்வதற்கு முன் எழுத்துகளை எண்ணினார்கள். அரபி வேர்ச்சொற்கள் இரண்டு முதல் ஐந்து எழுத்துகளுக்கு உட்பட்டவை. எழுத்துகள் 28. ஆகவே அமையக்கூடிய வடிவங்கள் எத்தனை என்பதைக் கணக்கிட்டுவிடலாமன்றோ?

எழுத்து மீளாமல் வரும் ஈரெழுத்து வடிவங்கள் 28ஐ 27ஆல் பெருக்க 756. அதனை 26ஆல் பெருக்க மூவெழுத்து வடிவங்கள் 19,656. அதனை 25ஆல் பெருக்க நாலெழுத்து வடிவங்கள் 4,91,400. அதனை 24ஆல் பெருக்க ஐயெழுத்து வடிவங்கள் 1,17,93,600. ஆகக் கூடுதல் 1,23,05,412. கலீல் (ரஹ்) அவர்களின் பெயரால் நூல்களில் வழங்கும் தொகையும் இதுவேயாகும். ஐயமுள்ளோர் தாளை எடுத்துப் பெருக்கிப் பார்க்கலாம். நானும் பெருக்கிப் பார்த்தேன்.

ஒரு கோடியே இருபத்து மூன்று லட்சம் வடிவங்களை ஒவ்வொன்றாக ஆராய ஒரு மனிதனின் ஆயுள் போதாது. இங்கேதான் அவர்களுடைய நுண்மதி வெளிப்படுகிறது. ஒரே எழுத்துகளால் ஆன வடிவங்களையெல்லாம் ஒரு வாயிலில் கூட்டினார்கள். இதற்குத் ‘தக்லீப்’ என்று பெயர். புரட்டி அடுக்குதல் எனலாம். இரண்டெழுத்தைப் புரட்டினால் இரண்டு வடிவம், மூன்றெழுத்துக்கு ஆறு, நான்கெழுத்துக்கு 24, ஐந்தெழுத்துக்கு 120. அவ்வாறு கூட்டிய பின் பார்த்தால் ஒரு கோடிக்கு மேற்பட்ட வடிவங்களும் 1,22,409 வாயில்களுக்குள் அடங்கிவிடுகின்றன. வாயில்தோறும் நின்று, இவ்வடிவங்களுள் அரபியர் வழங்குவது எது, வழங்காமல் விட்டது எது என்று கேட்டால் போதும். வழங்குவதை ‘முஸ்தஃமல்’ என்றும் விட்டதை ‘முஹ்மல்’ என்றும் குறித்தார்கள்.

ஹா, ரா, மீம் என்னும் மூன்றெழுத்துகளைக் கொள்வோம். அவற்றைப் புரட்டினால் ஆறு வடிவங்களும் அரபியில் வழங்குவதைக் காண்கிறோம். ரஹ்ம் என்னும் வேரிலிருந்து ரஹ்மத் என்னும் கருணை வருகிறது. ஹரம் என்பது புனித எல்லை. ஹும்ரத் என்பது செம்மை. ரும்ஹ் என்பது ஈட்டி. மரஹ் என்பது களிப்பு. மஹார் என்பது சிப்பி. கருணையும் ஈட்டியும் ஒரே வாயிலில் அடுத்தடுத்து நிற்கின்றன! ஐன், லாம், மீம் என்னும் எழுத்துகளில் இல்மும் அமலும் ஒன்றாக அமர்ந்துள்ளன. அறிவையும் செயலையும் ஒரே மூச்சில் கூறும் நம் உலமாக்களுக்கு இது இனிக்கும். பின்னர் வந்த இப்னு ஜின்னீ (மறைவு ஹிஜ்ரி 392) இதனை மேலும் கொண்டு சென்று, ஒரே எழுத்துகளால் ஆன ஆறு வடிவங்களுக்கும் அடியில் ஒரு பொதுப்பொருள் உண்டு என்று காட்ட முயன்றார். அழகிய முயற்சிதான், எனினும் எல்லா வாயில்களிலும் அது பொருந்தும் என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஈட்டியைக் கருணையோடு பொருத்த மிகுந்த கற்பனை வேண்டும்.

இங்கே ஒரு வினா எழும். ரஹ்ம், ஹரம், ரும்ஹ் என ஆறு முகங்களோடு வரும் ஒன்றனை எந்தப் பெயரால் அழைப்பது? ஆறனுள் எதனைக் கண்டாலும் அதே வாயிலுக்குச் செல்லும்படியான திறவுகோல் ஒன்று வேண்டும். அதற்காகக் கலீல் (ரஹ்) அவர்கள் எழுத்துகளுக்கு நிலையான ஒரு முறைவைப்பை வகுத்தார்கள். அலிஃபு, பா, தா என்னும் பள்ளிக்கூட முறையை அவர்கள் கொள்ளவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் ‘அப்’, ‘அத்’ என்பது போல ஒரு அகரத்துக்குப் பின் ஒலித்து, அது வாயில் எங்கே பிறக்கிறது என்று சுவைத்துப் பார்த்தார்கள். தொண்டையின் ஆழத்தில் பிறப்பன முதலிலும், நாவில் பிறப்பன இடையிலும், இதழில் பிறப்பன அவற்றின் பின்னும் வர, நிலையற்ற எழுத்துகளை இறுதியில் வைத்தார்கள். ஹம்ஸா திரிந்து போகும் இயல்புடையது. மெல்லிய ஹே வெறும் மூச்சுப் போன்றது. எனவே உறுதியும் தெளிவும் உள்ள ஐன் முதலெழுத்தாயிற்று. நூலுக்கும் ‘கிதாபுல் ஐன்’ என்று பெயராயிற்று.

தமிழ் நெடுங்கணக்கை ஓதியவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. க, ங நாவின் அடியிலும், ச, ஞ நடுவிலும், ட, ண நுனியிலும், த, ந பல்லிலும், ப, ம இதழிலும் பிறப்பவை. உள்ளிருந்து வெளியே வரும் அதே ஒழுங்கு. தொல்காப்பியர் பிறப்பியல் என ஓர் இயலே இதற்கு வகுத்தார். பஸரா அரபுக் கடல் வாணிகத்தின் வாயில்; இந்தியத் தொடர்பு உடையது. ஆகவே இவ்வொழுங்கு இங்கிருந்து சென்றதோ என்று ஆராய்ந்தோரும் உளர். நான் அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எவர் தம் வாயைத் தாமே உற்று நோக்கினாலும் இவ்வொழுங்கு அவருக்குப் புலப்படலாம்.

ஹா தொண்டையில், ரா நாவில், மீம் இதழில். எனவே அந்த ஆறு சொற்களின் திறவுகோல் ‘ஹா ரா மீம்’. ரும்ஹ் என்னும் சொல்லைக் கையில் எடுத்தாலும் எழுத்துகளை அம்முறையில் அடுக்கினால் ‘ஹா ரா மீம்’ என்றே வரும். பிற சொல் எதனோடும் ஒப்பிட வேண்டியதில்லை. சொல் தானே தன் வாயிலைச் சொல்லிவிடுகிறது.

இதைக் கேட்ட என் மருமகன் மடிக்கணினியை மீண்டும் திறந்தான். தமிழ் அகரவரிசையில் மகரம், ரகரம், வகரம் என்பது முறை. கரம் என்னும் சொல்லின் எழுத்துகளை அம்முறையில் அடுக்கினால் ‘க ம் ர’. ரகத்தை அடுக்கினாலும் ‘க ம் ர’. சரமும் ரசமும் ‘ச ம் ர’ ஆயின. வரமும் ரவமும் ‘ம் ர வ’ ஆயின. ‘கம்ர’ என்பதற்குப் பொருளில்லை. திறவுகோலுக்குப் பொருள் வேண்டுவதுமில்லை. பொறி செய்ய வேண்டியது இவ்வளவே: ஒரு சொல்லை எடு, அதன் எழுத்துகளை முறைப்படி அடுக்கு, அப்பெயருடைய பெட்டி இருந்தால் அதில் இடு, இல்லையேல் புதுப்பெட்டி வை, அடுத்த சொல்லுக்குப் போ. ஆயிரம் சொற்களுக்கு ஆயிரம் முறை திறவுகோல் செய்தால் போதும். ஏறக்குறைய ஐந்து லட்சம் ஒப்பீடுகள் மறைந்தன. பத்து வரிகளுக்குள் எழுதி முடித்தான். பைத்தான் என்னும் கணினி மொழியில் இத்தகைய பெட்டிகளின் தொகுதிக்கு என்ன பெயர் என்று கேட்டேன். “டிக்‌ஷனரி” என்றான். அகராதி! அரபி மொழியின் முதற் பேரகராதியைச் செய்தவரின் முறைக்கு அகராதி என்றே பெயர் அமைந்தது கண்டு நான் சற்று நேரம் பேசாதிருந்தேன்.

கலீல் (ரஹ்) அவர்களுக்கு இம்முறை ஒரு துறையோடு நின்றதன்று. அரபிப் பாவகைகளையும் இவ்வாறே ஆராய்ந்தார்கள். பதினைந்து பாக்களை ஐந்து வட்டங்களில் அமைத்தார்கள். வட்டத்தின் ஓரிடத்தில் தொடங்கிச் சுற்றி வந்தால் ஒரு பா. மற்றோரிடத்தில் தொடங்கினால் வேறொரு பா. தவீல், மதீத், பஸீத் மூன்றும் முதல் வட்டத்துப் பிள்ளைகள். பதினாறாவதாகிய முததாரிக்கைப் பின்னர் அஃக்ஃபஷ் சேர்த்தார் என்பர். சொற்களில் புரட்டி அடுக்குதல். பாக்களில் சுழற்றி அடுக்குதல். மத்ரஸாவில் அரூழ் பாடம் படித்தபோது இவ்வட்டங்களை மனப்பாடம் செய்தோமேயன்றி, இவற்றின் அடியில் ஓடும் கருத்து ஒன்றே என்பதை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கிதாபுல் ஐனில் குறையே இல்லை என்று நான் கூறமாட்டேன். அந்நூலைக் கலீல் (ரஹ்) அவர்கள் தொடங்கினார்கள் என்றும், குராஸானைச் சேர்ந்த மாணவர் லைத் அதனை நிறைவு செய்தார் என்றும் கூறுவர். இது பற்றி முன்னோரிடையே நீண்ட வாதம் உண்டு. அதைவிடப் பெருங்குறை, தேடுவோர்க்கு அது எளிதாயில்லை என்பதே. ஒலிப்பிறப்பின் ஒழுங்கை மனத்தில் வைத்து எழுத்துகளை அடுக்கத் தெரியாதவன் வாயிலருகே நின்றும் உள்ளே புக இயலாது. தொகுப்பவர்க்கு ஏற்ற திறவுகோல் தேடுபவர்க்கு ஏற்றதாக இராது. ஆதலின் பின்வந்தோர் திறவுகோலை மாற்றினர். இப்னு துரைத் (மறைவு ஹிஜ்ரி 321) புரட்டி அடுக்குதலை வைத்துக்கொண்டு, ஒலிமுறைக்கு மாறாகப் பள்ளிக்கூட எழுத்துமுறையைக் கொண்டார். அல்ஜவ்ஹரீ தம் ‘ஸிஹாஹ்’ நூலில் வேர்ச்சொல்லின் இறுதி எழுத்தைக் கொண்டு வகுத்தார். இப்னு மன்ழூரின் ‘லிஸானுல் அரப்’, ஃபைரோஸாபாதீயின் ‘காமூஸ்’, நம் இந்திய நாட்டு பில்கிராமில் 1732இல் பிறந்து எகிப்தில் வாழ்ந்து மறைந்த முர்தழா ஸபீதீயின் ‘தாஜுல் அரூஸ்’ ஆகிய பெருநூல்கள் அம்முறையையே பின்பற்றின. இறுதி எழுத்து திரிபின்றி நிற்பது என்பது ஒரு காரணம். அரபிக் கவிதையில் இயைபு அடியிறுதியில் அமைவதால், இயைபுச் சொல் தேடும் புலவனுக்கு அது கைகொடுத்தது என்பது மற்றொன்று.

தமிழ்ப் புலவனுக்கு எதுகை இரண்டாம் எழுத்தில் அமைகிறது. ஆதலின் தமிழ் நிகண்டார் இரண்டாம் எழுத்தைத் திறவுகோலாக்கினர். மண்டல புருடர் இயற்றிய ‘சூடாமணி நிகண்டு’ பன்னிரண்டு தொகுதிகளை உடையது. அதன் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருளைக் கூறுவது; அது ககர எதுகை முதலாக எதுகை முறையில் அடுக்கப்பட்டுள்ளது. மண்டல புருடர் சமணர். அவருடைய ஆசிரியர் குணபத்திரர் திருநறுங்கொண்டையைச் சார்ந்தவர் என்பர். அத்திருநறுங்கொண்டை, நைனார்பாளையம் அடங்கிய இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. நயினார்களின் ஊர்தான். பின்னர் 1594இல் சிதம்பர ரேவண சித்தர் ‘அகராதி நிகண்டு’ செய்து முதலெழுத்து முறைக்கு வழி திறந்தார். 1732இல் வீரமாமுனிவர் ‘சதுரகராதி’ செய்தபோதும் அதன் நான்கு பகுதிகளுள் ஒன்றைத் தொடை அகராதியாக வைத்தார். எதுகை தேடுவோரை அவரும் கைவிடவில்லை.

மருமகனின் ஆறு சொற்களையே மண்டல புருடரிடம் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பார்? கரம், சரம், வரம் மூன்றையும் ரகர எதுகையில் ஒன்றாக வைத்திருப்பார். ரகம், ரசம், ரவம் மூன்றையும் தனித்தனியே பிரித்திருப்பார். கலீல் (ரஹ்) அவர்களோ கரத்தை ரகத்தோடு சேர்ப்பார்கள். சொற்கள் அவையே, முறையும் ஒன்றே, திறவுகோல் மட்டும் வேறு. திறவுகோல் செய்வதாவது எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்தல். கலீல் (ரஹ்) எழுத்தின் இடத்தை விட்டார்கள். மண்டல புருடர் இரண்டாம் எழுத்தை வைத்துப் பிறவற்றை விட்டார். எதை விடுவது என்பதை எந்தப் பொறியும் தானே சொல்லாது. என்ன தேடுகிறோம் என்று அறிந்தவனே சொல்ல வேண்டும்.

இப்படிப் படிப்படியாக விதி வகுத்துச் செய்யும் முறைக்கு இன்று உலகம் வழங்கும் ‘அல்காரிதம்’ என்னும் பெயர் அல்குவாரிஸ்மீ என்பதன் லத்தீன் திரிபு. கலீஃபா மஃமூன் காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அவ்வறிஞரின் ‘அல்ஜப்ரு’ நூலில் ஏறக்குறைய பாதி, மரண சாசனத்தையும் வாரிசுப் பங்கையும் கணக்கிடும் முறைகளைப் பற்றியது என்பதைப் பலர் அறியார். கலீல் (ரஹ்) அவர்களின் மறைவைப் பற்றிய ஒரு செய்தியும் இத்தகையதே. வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி கடைக்குச் சென்றால் கடைக்காரன் அவளை ஏமாற்ற இயலாதபடி எளிய கணக்குமுறை ஒன்றை அமைக்க விரும்பினார்களாம். அச்சிந்தனையிலேயே பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது தூண் ஒன்றில் மோதி வீழ்ந்து, அதுவே மறைவுக்குக் காரணமாயிற்று என்று வரலாற்றாசிரியர் எழுதுவர்.

மறுநாட் காலை பதிவேடுகள் ஏழையும் திண்ணைக்குக் கொண்டுவந்தோம். முத்தவல்லி அனுமதித்தார். நான் படிக்க, மருமகன் தட்டச்சுச் செய்தான். மூன்று நாள் ஆயிற்று. தேட வேண்டிய பெயர் அப்துர் ரஹ்மான். நம் மக்கள் அதனை எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! எழுத்தைப் பார்த்து எழுதுவோர் ‘அப்துல் ரகுமான்’ என்பர். ஓதுதலைக் கேட்டு எழுதுவோர் ‘அப்துர் ரஹ்மான்’ என்பர். இடையிலுள்ள லாம், ராவின் முன் தன் ஒலியை இழந்து ராவாகவே ஒலிப்பது தஜ்வீத் கற்ற சிறுவனுக்கும் தெரியும். பழைய கையினர் ‘அப்துற் றஹ்மான்’ என்றனர். அரபி எழுத்தில் இருந்த பதிவுகளிலோ இப்பெயர் எங்கும் ஒரே வடிவில் இருந்தது. குற்றுயிரை எழுதாது விடும் அரபி எழுத்து தானே ஒரு திறவுகோலாய் நிற்கிறது. செவியைப் பின்பற்றும் தமிழ் எழுத்து செவிக்கொரு பெயர் எழுதிவிடுகிறது. தமிழைக் குறை கூறுகின்றேன் என எவரும் கொள்ளற்க. உயிரொலியை உள்ளவாறு காட்டுவது அதன் சிறப்பு. பெயர்களைக் கூட்டும் இந்த ஒரு வேலைக்கு மட்டும் அச்சிறப்பு இடையூறாயிற்று.

எனவே விதிகள் வகுத்தோம். ஹகரமும் ககரமும் ஒன்று. ரகரமும் றகரமும் ஒன்று. இரட்டித்த மெய் ஒற்றை மெய்யாகக் கொள்ளப்படும். ரகரத்துக்கு முன்வரும் ல், ர், ற் விலக்கப்படும். உயிர்கள் அனைத்தும் விடப்படும். பொறியை இயக்கியதும் முஹம்மதுகளும் மஹ்மூதுகளும் ஒரே பெட்டியில் அமர்ந்திருக்கக் கண்டோம்! இரண்டு பெயர்க்கும் மெய்கள் ம, ஹ, ம, த என்பனவே. விடக்கூடாததை விட்டிருந்தோம். குற்றுயிரை மட்டும் விட்டு நெட்டுயிரை வைத்துக்கொண்டபின் மஹ்மூதுகள் தம் ஊகாரத்தோடு வெளியேறினர். வேர்ச்சொல் வரை செல்வோமா என்று மருமகன் கேட்டான். கூடாது என்றேன். ஹா, மீம், தால் என்னும் வேருக்குச் சென்றால் முஹம்மது, அஹ்மது, மஹ்மூது, ஹாமிது, ஹமீது அனைவரும் ஒரே பெட்டியில் வந்து சேர்வர். ஜமாஅத்தில் பாதிப்பேரை அதனுள் இட வேண்டியிருக்கும்.

அப்துர் ரஹ்மான் பெட்டியில் ஆறு வகை எழுத்தில் இருபத்து மூன்று பதிவுகள் சேர்ந்தன. மணமகளின் பெயருக்கும் திறவுகோல் செய்து பார்க்க இரண்டு எஞ்சின. மணமகளின் தகப்பனார் பெயரால் ஒன்று உறுதியாயிற்று. ஐந்தாம் பதிவேட்டில் ‘அப்துறகுமான்’ என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதப்பட்டிருந்தது. முதல் நாளே நான் புரட்டிய பக்கம். என் கண் ‘ரஹ்மான்’ என்பதைத் தேடியதால் அதனைக் கடந்து சென்றிருந்தது.

மூதாட்டியாரை அழைத்துப் பதிவைக் காட்டினோம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம் தகப்பனாரின் கையொப்பம் எது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்தபடி சிறிது நேரம் இருந்தார். பிறகு, “மஹர் எவ்வளவுன்னு போட்டிருக்கு, ஹஜ்ரத்?” என்றார்.

நூற்றொரு ரூபாய் என்று படித்தேன்.

“அன்னைக்கே கையில குடுத்துட்டாரு. அதையும் எழுதியிருக்காங்களா?”

ஓரத்தில், மங்கிய மையில், ‘ரொக்கம்’ என்று எழுதியிருந்தது.